பட்டாம்பூச்சி இலை, வெள்ளைப் பூ... ஆக்சாலிஸ் செடி திடீர்னு காய்ஞ்சு போச்சா? தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

நர்சரியில் பார்க்கும்போது தொட்டி நிறைய இலை இருக்கும். மூன்று மூன்றாகப் பிரிந்து, பட்டாம்பூச்சி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி ஒரு அமைப்பு. நடுவே மெல்லிய தண்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள். ஆசையாக வாங்கி வந்து ஜன்னல் ஓரம் வைப்போம். சில மாதங்கள் கழித்து இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி, தண்டு தளர்ந்து, ஒருநாள் பார்த்தால் தொட்டியில் வெறும் மண்தான் மிச்சம் இருக்கும். "செடி செத்துப் போச்சு" என்று மண்ணோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடுவோம்.

ஆனால், பல நேரங்களில் அந்தச் செடி சாகவே இல்லை. மண்ணுக்குள் கிழங்கு வடிவில் தூங்கிக்கொண்டிருக்கிறது. அது தெரியாமல் தூக்கிப் போடுகிறோம், அல்லது காய்ந்துவிட்டதே என்று பதறி தினமும் தண்ணீர் ஊற்றி நிஜமாகவே சாகடிக்கிறோம். இந்தச் செடியை வளர்க்க அதிக உழைப்பு தேவையில்லை. எப்போது சும்மா இருக்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எந்தச் செடி இது?

ஆக்சாலிஸ் ட்ரையாங்குலாரிஸ் என்பது இதன் தாவரவியல் பெயர். கடைகளில் 'பட்டர்ஃபிளை பிளான்ட்' என்றும், ஊதா இலை கொண்டதை 'பர்ப்பிள் ஷாம்ராக்' என்றும் விற்கிறார்கள். பச்சை இலை வகையில் பூ பளிச்சென்ற வெள்ளை. ஊதா இலை வகையில் லேசாக இளஞ்சிவப்பு கலந்த வெள்ளை. இரண்டுக்கும் பராமரிப்பு ஒன்றுதான்.

சொந்த ஊர் தென் அமெரிக்கா. பிரேசில், பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளில் இயற்கையாக வளரும். ஆனால், இதன் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் நம்ம வீட்டு வாசலிலேயே இருக்கிறார். தொட்டி ஓரத்திலும் தோட்டத்து ஈரத்திலும் தானாக முளைக்கும் புளியாரைதான் அது. மஞ்சள் பூ, இதய வடிவ இலை, வாயில் போட்டால் சுரீர் என்று புளிப்பு. இரண்டும் ஆக்சாலிஸ் என்ற ஒரே பேரினம். அந்தப் பெயரே கிரேக்க மொழியில் புளிப்பு, கூர்மை என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்ததுதான். இந்தப் பேரினத்தில் 500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஸ்டார் ஃப்ரூட் மரமும், பிலிம்பி மரமும்கூட இதே குடும்பம் என்றால் நம்ப முடிகிறதா?

சாயங்காலம் இலை தொங்கினால் தண்ணீர் கேட்குதுன்னு அர்த்தமா?

இல்லை. புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவது முதலில் இங்கேதான்.

பொழுது சாய்ந்ததும் இந்தச் செடியின் மூன்று சிற்றிலைகளும் குடை மடங்குவது போல் கீழே மடங்கிவிடும். காலையில் வெளிச்சம் வந்ததும் மறுபடி விரியும். சிற்றிலைகள் காம்போடு சேரும் இடத்தில் கணு மாதிரி ஒரு சின்னத் தடிப்பு இருக்கிறது. அதிலுள்ள செல்களுக்குள் நீர் ஏறும்போது ஒரு நிலை, இறங்கும்போது இன்னொரு நிலை. தொட்டாற்சிணுங்கி இலை மூடுவதும் இதே தத்துவம்தான். பூக்களும் இரவில் மூடிக்கொள்ளும். கடுமையான வெயில் நேரடியாகப் பட்டாலும் இலை மடங்கும்.

ஆபீஸ் முடிந்து இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வருபவர் கண்ணில் படுவது எப்போதும் மடங்கிய இலைதான். "ஐயோ, வாடிப் போச்சே" என்று ஒரு டம்ளர் தண்ணீர். மறுநாள் காலையில் இலை விரிந்திருக்கும். தண்ணீர் ஊற்றியதால்தான் பிழைத்தது என்று நம்பி, அன்று இரவும் ஒரு டம்ளர். இப்படியே போனால் சில வாரங்களில் கிழங்கு அழுகிவிடும். அதனால் தண்ணீர் வேண்டுமா என்பதை இலையைப் பார்த்து முடிவு செய்யாதீங்க. விரலை மண்ணுக்குள் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்க. காய்ந்திருந்தால் ஊற்றலாம், ஈரமாக இருந்தால் விட்டுவிடலாம்.

செத்துவிட்டதா, தூங்குகிறதா... எப்படித் தெரிந்துகொள்வது?

ஆக்சாலிஸ் கிழங்குச் செடி. இலை விட்டு, பூத்து, சில மாதங்கள் செழிப்பாக இருந்துவிட்டு, பிறகு இலைகளைக் கழற்றிவிட்டு ஓய்வுக்குப் போகும். அந்த நேரத்தில் சத்து எல்லாம் கிழங்கில் சேமிப்பாக இருக்கும். அதிக வெப்பமும், மண் ரொம்பவே காய்ந்துபோவதும் இந்த ஓய்வை முன்கூட்டியே வரவழைக்கும். எதுவுமே நடக்காவிட்டாலும் அதுவாகவே ஓய்வெடுக்கும்.

சந்தேகம் இருந்தால் மண்ணை மெதுவாக விலக்கி, ஒரு கிழங்கை எடுத்துப் பாருங்க. விரல் நீளத்துக்குள், செதில் செதிலாக, பைன் மரக் காயைச் சின்னதாக்கிய மாதிரி இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருந்தால் செடி உயிரோடு இருக்கிறது. கொழகொழவென்று நசுங்கி, வாடை வந்தால் அது அழுகல். பத்துக் கிழங்கில் ஏழு அழுகி, மூன்று கெட்டியாக இருந்தால்கூட கவலை இல்லை. அந்த மூன்றை மட்டும் எடுத்து, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, புது மண்ணில் நட்டால் செடி திரும்ப வந்துவிடும்.

கெட்டியாக இருக்கிறதா? அப்படியானால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். காய்ந்த இலை, தண்டுகளை நறுக்கிவிட்டு, தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை நிழலான, குளிர்ந்த மூலைக்கு நகர்த்துங்க. உரம் எதுவும் வேண்டாம். பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம், சில நேரம் இரண்டு மூன்று மாதம்கூட இப்படியே கிடக்கும். மண்ணைத் துளைத்துக்கொண்டு சின்னச் சுருள் மாதிரி முளை தெரிந்ததும், வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிக்கலாம். வீட்டில் இருக்கும் மற்றவர்கள் காலித் தொட்டி என்று நினைத்து வேறு எதையாவது நட்டுவிடாமல் இருக்க, தேதி போட்டு ஒரு குச்சி செருகி வைப்பது நல்லது!

நம்ம ஊர் வெயிலைத் தாங்குமா?

நேர்மையாகச் சொன்னால், சமவெளியில் ஆண்டு முழுவதும் தாங்காது. இந்தச் செடிக்குப் பிடித்த வெப்பநிலை சுமார் 16 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை. 27 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து சூடாக இருந்தாலே தளர ஆரம்பிக்கும். சென்னை, மதுரை, திருச்சி மாதிரி ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி வரை போகிறபோது அது இலையைக் கழற்றிவிட்டு மண்ணுக்குள் பதுங்குவது புத்திசாலித்தனம்தான். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

சமவெளியில் இருப்பவர்கள் கோடையில் அதைக் காப்பாற்றப் போராடாமல், தூங்க விட்டுவிடுவதே நல்லது. புதிதாகக் கிழங்கு நடுவதாக இருந்தால் வெயில் தணிந்த பிறகு, அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் நடுங்க. ஆனால் வடகிழக்குப் பருவமழை நேரத்தில் தொட்டியை மொட்டை மாடியில் திறந்தவெளியில் விட்டால், ஒரு வார மழையே போதும், கிழங்கு அழுகிவிடும். சன்ஷேடு அடியில் வைங்க.

வெளிச்சம் நன்றாக இருக்க வேண்டும், ஆனால் உச்சி வெயில் கூடாது. கிழக்குப் பார்த்த ஜன்னல் கிடைத்தால் அருமை, காலை வெயில் மட்டும் படும். இருட்டான ஹாலில் வைத்தால் தண்டு நீண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பூவும் குறைந்துவிடும். பூக்கவே மாட்டேங்குது என்று சொல்கிறவர்கள் முதலில் உரத்தைத் தேடாமல், தொட்டியை ஜன்னலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் பார்க்கலாம். வாரம் ஒருமுறை தொட்டியைத் திருப்பி வைத்தால் சாய்வும் குறையும்.

மண், தொட்டி, நடவு

தண்ணீர் தேங்காத மண் என்பதுதான் ஒரே நிபந்தனை. களிமண் வேண்டவே வேண்டாம். செம்மண், கோகோபீட், மண்புழு உரம் மூன்றையும் சம அளவு எடுத்து, அதில் ஒரு பிடி மணலோ பெர்லைட்டோ கலந்தால் போதும். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். ஓட்டை இல்லாத அழகான செராமிக் தொட்டியில் வைக்க ஆசைப்பட்டால், பிளாஸ்டிக் தொட்டியோடு உள்ளே இறக்கி வைங்க, தண்ணீர் ஊற்றும்போது மட்டும் வெளியே எடுங்க.

ஆறு அங்குலத் தொட்டிக்கு ஐந்தாறு கிழங்குகள். ஒன்றரை அங்குல ஆழத்தில் படுக்கவைத்த மாதிரி நட்டால் போதும். எது மேல், எது கீழ் என்று குழம்ப வேண்டாம், எப்படி வைத்தாலும் முளை மேலே வரும். பொதுவாக இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் முளைக்கும். இலை விட்டுச் செழிப்பாக இருக்கும் காலத்தில் மாதம் ஒருமுறை, பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதி மட்டும் திரவ உரம் கொடுக்கலாம். கிழங்குகள் பெருகித் தொட்டி நெருக்கமானால், ஓய்வுக் காலத்தில் பிரித்து நடுவது சுலபம்.

ஆன்லைனில் வாங்குபவர்கள் விதை பாக்கெட்டை விட்டுவிட்டுக் கிழங்காகவே வாங்குங்க. வானவில் நிறத்தில் படம் போட்டு விற்கும் விதைகளை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இலையில் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தால்?

இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூள் மாதிரி தெரிந்தால் அது துரு நோய். மக்காச்சோளப் பயிரைத் தாக்கும் ஒரு வகைத் துருப் பூஞ்சை, தன் வாழ்க்கைச் சுழற்சியின் ஒரு பகுதியை ஆக்சாலிஸ் செடிகளில்தான் கழிக்கிறது. இதைக் கேட்டு மக்காச்சோளம் போட்டிருக்கும் விவசாயக் குடும்பங்கள் தொட்டிச் செடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அந்தப் பூஞ்சை பெரும்பாலும் சோளத்திலிருந்து சோளத்துக்கே பரவிவிடும். புள்ளி வந்த இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, இலை மேல் தண்ணீர் தெளிப்பதை நிறுத்தினால் போதும்.

வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்தியும், காற்றோட்டம் இல்லாத இடத்தில் மாவுப்பூச்சியும் வரலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம், அதுவும் வெயில் இறங்கிய பிறகு.

குழந்தைகள், பூனை, நாய் இருக்கும் வீடா?

இதைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க. ஆக்சாலிஸ் இலையின் புளிப்புக்குக் காரணம் ஆக்சாலிக் அமிலமும் அதன் உப்புகளும். பூனை, நாய் அதிகமாகத் தின்றால் எச்சில் வடிதல், வாந்தி வரலாம், சிறுநீரகம்கூட பாதிக்கப்படலாம். பூனை வளர்ப்பவர்கள் எட்டாத உயரத்தில் தொங்கும் தொட்டியில் வைப்பது பாதுகாப்பு. தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்க.

குழந்தை ஒரு இலையைக் கடித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. வாயைக் கழுவிவிட்டு கவனித்தால் போதும். ஆனால், "புளியாரையைத்தான் துவையல் அரைக்கிறோமே, இதையும் அரைக்கலாமா?" என்று கேட்டால், வேண்டாம். அலங்காரத்துக்கு விற்கும் செடிகளுக்கு என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. சிறுநீரகக் கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட் கற்கள்தான். எனவே கல் பிரச்னையோ, சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் புளியாரையையே மருத்துவரிடம் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். வெளிநாட்டிலிருந்து வந்த ஆக்சாலிஸ் லாட்டிஃபோலியா என்ற இளஞ்சிவப்புப் பூ வகை, நீலகிரியில் விவசாயிகளுக்குத் தலைவலி கொடுக்கும் களையாக ஏற்கெனவே பரவியிருக்கிறது. பிடுங்கப் பிடுங்க, மண்ணில் தங்கிய குட்டிக் கிழங்குகளிலிருந்து மறுபடி முளைக்கும். வெள்ளைப் பூ வகை அந்த அளவுக்கு மோசமில்லை. என்றாலும் இதுவும் கிழங்குதான், குளிர்ந்த மண்ணும் அதற்குப் பிடிக்கும். அதனால் தொட்டியிலேயே வளருங்க. தொட்டி மண்ணை மாற்றும்போது பழைய மண்ணைத் தோட்டத்திலோ ஓடைக் கரையிலோ கொட்டாமல், கிழங்குகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதி மண்ணை நன்றாக வெயிலில் காயவைத்த பிறகு பயன்படுத்துங்க.