உயிர்க்குறிகள்: அளத்தலும் பார்த்தலும்

நாடி பார்த்தல் என்பது தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் தொடர். நாடி கண்ணுக்குப் புலப்படுவதன்று. விரலால் தொட்டு உணரப்படுவது. எனினும், அதனைத் தொடுதல் என்றோ எண்ணுதல் என்றோ நாம் சொல்வதில்லை. பார்த்தல் என்றே சொல்கிறோம். ஆராய்ந்து அறிதலும் பார்த்தல் என்னும் சொல்லின் பொருளுள் அடங்கும். அடிப்படைத் தாதிமையில் உயிர்க்குறிகளை அளக்கும் முறையையும் அவற்றின் பொருளை அறியும் முறையையும் விளக்க முற்படும் நமக்கு இச்சொல்லே நல்ல தொடக்கமாக அமைகிறது.

உயிர்க்குறிகள் எனப்படுபவை உடல் வெப்பம், நாடித்துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கு. விரல் நுனியில் பொருத்தும் கருவி காட்டும் உயிர்வளி அளவும் இன்று இவற்றோடு சேர்த்துக் குறிக்கப்படுகிறது. ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர் ஒருவருக்கு உடல் வெப்பம் ஏறத்தாழ 36.5 முதல் 37.5 செல்சியஸ் வரையிலும், நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரையிலும், மூச்சு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரையிலும் இருப்பது இயல்பு. இரத்த அழுத்தம் 120/80 என்னும் அளவை ஒட்டியிருக்கும். இதயம் சுருங்கும்போது உள்ள மேல் அழுத்தத்தை முதல் எண்ணும், அது தளரும்போது உள்ள கீழ் அழுத்தத்தை இரண்டாம் எண்ணும் குறிக்கின்றன. உயிர்வளி அளவு பொதுவாக 95 விழுக்காட்டிற்குக் குறையாது.

இவ்வளவுகள் மருத்துவத்தில் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. செருமானிய மருத்துவர் வுண்டர்லிக் பல்லாயிரம் நோயாளரின் வெப்பநிலையை ஆராய்ந்து 1868ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நோயின் போக்கை ஒரே ஓர் அளவு காட்டாது, தொடர்ந்து எடுக்கப்படும் அளவுகளின் ஏற்ற இறக்கமே காட்டும் என்பதை அவர் பணி உணர்த்திற்று. கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் அளக்கும் கருவியை இத்தாலியரான ரிவா ரோச்சி 1896இல் அமைத்தார். நாளத்தில் எழும் ஒலியைக் கேட்டு இரு அழுத்தங்களையும் பிரித்தறியும் முறையை ரஷ்யரான கொரொட்கோவ் 1905இல் அறிவித்தார்.

அளவு பிழையானால் அதிலிருந்து பெறும் பொருளும் பிழையாகும். இரத்த அழுத்தம் அளக்குமுன் நோயாளர் ஐந்து நிமிடமாவது அமைதியாக அமர்ந்திருத்தல் வேண்டும். முதுகு சாய்ந்தும், பாதங்கள் தரையில் படிந்தும், கை இதயத்தின் மட்டத்தில் தாங்கப்பட்டும் இருத்தல் வேண்டும். அளக்கும்போது பேச்சுக் கூடாது. கைக்குச் சிறிதான பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும். நாடியைக் கட்டைவிரலால் பார்த்தல் தவறு. கட்டைவிரலின் சொந்தத் துடிப்பே நோயாளரின் துடிப்பாக எண்ணப்பட்டுவிடக்கூடும். நகச்சாயமும் குளிர்ந்த விரலும் உயிர்வளிக் கருவியைக் குழப்பும். கருமையான தோலுடையோரிடம் அக்கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

இக்குறிகளுள் மிகுதியாகப் புறக்கணிக்கப்படுவது மூச்சு. பல இடங்களில் அதனை அளக்கக் கருவி இல்லை. கடிகாரமும் பொறுமையுமே வேண்டும். பணி நெருக்கடியில் எண்ணாமலே 18 என்றோ 20 என்றோ எழுதிவிடும் பழக்கம் எளிதில் நுழைந்துவிடும். ஆனால் உடல்நிலை சீர்கெடும்போது முதலில் மாறும் குறிகளுள் ஒன்று மூச்சே. எண்ணப்படுவதை அறிந்தால் நோயாளர் தம்மை அறியாமலே மூச்சை மாற்றிக்கொள்வார். ஆதலால் நாடி பார்த்து முடித்த பின்னும் விரலை எடுக்காமல், மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுதல் நன்று.

அளவுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டியதன் தேவையை நம் வட்டாரம் நன்கறிந்த டெங்கிக் காய்ச்சலைக் கொண்டு விளக்கலாம். நோயாளர் ஒருவருக்கு நான்காம் நாளில் வெப்பம் 39.2, நாடி 96, மூச்சு 20, இரத்த அழுத்தம் 118/74 எனக் கொள்வோம். மறுநாள் நண்பகலில் வெப்பம் 37.1. காய்ச்சல் விட்டதென்று குடும்பத்தார் மகிழ்கின்றனர். ஆனால் நாடி 116, மூச்சு 24, இரத்த அழுத்தம் 104/86. கைகள் குளிர்ந்திருக்கின்றன.

வெப்பத்தை மட்டும் பார்ப்பவருக்கு இவர் தேறிவருகிறார். மற்றவற்றையும் பார்ப்பவருக்கு நிலைமை வேறு. டெங்கியில் காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்தான வேளை. அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்ணிய நாளங்களிலிருந்து கசியக்கூடும். குறைந்த இரத்தத்தைக் கொண்டு உறுப்புகளைக் காக்க இதயம் விரைந்து துடிக்கிறது, நாளங்கள் இறுகுகின்றன. அதனால் கீழ் அழுத்தம் உயர்ந்து, இரு அழுத்தங்களுக்கும் உள்ள இடைவெளி குறுகுகிறது. முதல்நாள் 44ஆக இருந்த இடைவெளி இப்போது 18. அது 20 அல்லது அதற்கும் கீழே இறங்குவது அதிர்ச்சி நிலையின் அடையாளம். மேல் அழுத்தம் இன்னும் நூறுக்கு மேல் இருக்கிறதே என்று காத்திருத்தல் உயிருக்கே கேடாகலாம்.

இத்தகைய மாற்றங்களை விரைந்து உணர்த்தும்பொருட்டு, பிரிட்டனின் அரச மருத்துவர் கல்லூரி 2012இல் முன்னெச்சரிக்கை மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தது. இயல்பிலிருந்து விலகும் ஒவ்வொரு குறிக்கும் மதிப்பெண் இடப்படும். கூட்டுத்தொகை 5 ஆனால் மருத்துவரை உடனே அழைத்தல் வேண்டும். உயிர்வளி அளவும் சுயநினைவும் இயல்பாக இருப்பின், நம் எடுத்துக்காட்டில் முதல்நாள் மதிப்பெண் 3. காய்ச்சல் விட்ட நாளில் 5. எனினும், இம்முறை மேல் அழுத்தத்தை மட்டுமே கணக்கிடுகிறது. குறுகிய இடைவெளியை அது காணாது. அதனைத் தாதியே காண வேண்டும்.

அவரவர் இயல்பையும் அறிதல் வேண்டும். விளையாட்டு வீரருக்கு நாடி 50ஆக இருப்பது நோயன்று. முதியவருக்குக் கடுமையான தொற்று இருந்தும் காய்ச்சல் தோன்றாதிருக்கலாம். இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து உண்பவரின் நாடி, உடல் தளரும்போதும் உயராதிருக்கலாம்.

ஆகவே, தாதிமை பயிலும் மாணவர்கள் ஓர் அளவை எழுதியதும் மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்ளுதல் நன்று. இது சரியாக அளக்கப்பட்டதா? முந்தைய அளவிலிருந்து எவ்வாறு மாறியுள்ளது? மற்றக் குறிகளும் நோயாளரின் தோற்றமும் இதனோடு ஒத்துப்போகின்றனவா? விடையில் ஐயம் எழுந்தால் மீண்டும் அளத்தல் வேண்டும்; ஐயம் நீங்காவிடில் மூத்த தாதியிடமோ மருத்துவரிடமோ தயங்காது உரைத்தல் வேண்டும். கற்பிக்கும் ஆசிரியர்களும் இயல்பளவுகளை மனப்பாடம் செய்விப்பதோடு நில்லாமல், ஒரு நோயாளரின் இரண்டு நாள் அளவுகளை மாணவர் முன் வைத்து, என்ன நிகழ்கிறது என்று கேட்பார்களாயின், நாடி பார்த்தல் என்னும் பழந்தொடரின் முழுப்பொருளும் வகுப்பறையிலேயே விளங்கிவிடும்.