வந்து வந்து மறையும் வைஃபை

மலையிலே புகை தென்படுவதைக் கொண்டு அங்கே நெருப்பு இருக்கிறதென்று நிச்சயிப்பது, தர்க்க சாஸ்திரம் மாணாக்கனுக்கு முதற்பாடமாகச் சொல்லித் தரும் அனுமானம். அக்கினியே மலையாக நிற்கிறதென்று போற்றப்படும் அண்ணாமலையின் அடிவாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அந்த உதாரணம் புதியதன்று. ஆனால் அந்தச் சாஸ்திரம் அடுத்த படியில் சொல்லும் சூட்சுமத்தை நாம் அவ்வளவாக நினைவில் வைப்பதில்லை. புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது மெய். நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டு என்பது மெய்யன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. நெருப்போடு ஈர விறகும் சேர்ந்தால்தான் புகை எழும்; அந்த ஈர விறகை உபாதி என்பார்கள்.

லேப்டாப்பில் வைஃபை காரணமின்றி அறுந்து, பிறகு தானாகவே வந்து ஒட்டிக்கொள்ளும் தொல்லைக்கு இந்த உபாதி விசாரணையைக் காட்டிலும் சிறந்த பரிகாரத்தை நான் அறியேன். முற்றிலும் செத்துப்போன பாகத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அது எப்போது பார்த்தாலும் செத்தே கிடக்கும். விட்டு விட்டு வரும் பழுதோ, வீட்டில் பத்துத் தடவை தலைகாட்டிவிட்டு, சர்வீஸ் கடை மேஜையில் வைத்த மாத்திரத்தில் சுவடு தெரியாமல் மறைந்துவிடும். அப்படிப்பட்ட பழுதில், 'எது கெட்டது?' என்று கேட்பதற்கு முன்னால், 'எது உடன் இருக்கும்போது கெடுகிறது, எது இல்லாதபோது கெடுவதில்லை?' என்று கேட்க வேண்டும்.

திருவண்ணாமலை மாட வீதியை ஒட்டிய ஒரு சிறு கடையில், கழற்றிய கணினிகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் இளைஞர், வந்தவர் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுப்பதற்குள்ளாகவே, "போன்லயும் நெட் கட்டாவுதா சார், இல்ல லேப்டாப்ல மட்டுந்தானா?" என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்வி பாதி விசாரணையை முடித்துவிடுகிறது. போனிலும் அதே கணத்தில் அறுந்தால் குற்றம் ரூட்டரிலோ, வீட்டுக்கு வரும் லைனிலோ இருக்கிறது. லேப்டாப்பைத் திறப்பது வீண். லேப்டாப்பில் மட்டும் என்றால் அடுத்த கேள்வி: அறுந்த சமயத்தில் வைஃபை பட்டியல் எப்படி இருக்கிறது? பக்கத்து வீட்டு வைஃபைகளெல்லாம் வழக்கம்போல் தெரிந்து, நம்முடையதில் மட்டும் இணைப்பு நிலைக்கவில்லையானால் டிரைவரையும் இடையூறுகளையும் சந்தேகிக்கலாம். ரூட்டரின் அருகே உட்கார்ந்தால் மட்டும் கிடைக்கிறதென்றால் ஆன்டெனாவைச் சந்தேகிக்க வேண்டும். வைஃபை என்ற சொல்லே திரையிலிருந்து மறைந்து, விண்டோஸின் டிவைஸ் மேனேஜரிலும் வைஃபை கார்டின் பெயர் காணாமற்போனால், கணினி தன் கார்டையே தொலைத்துவிட்டது என்று பொருள்.

அந்தக் கார்டைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதன் சிறுமையைக் கண்டு வியப்பார்கள். இன்றைய லேப்டாப்களில் அது பெரும்பாலும் 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஒரு தகடு. ஒரு முனையில் பொன் பூசிய பற்கள், மறுமுனையில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலைமாட்டில் மிளகினும் சிறிய இரண்டு பித்தான்கள் இருக்கும். அவற்றில் மாட்டிய இரண்டு மெல்லிய ஒயர்கள் பெரும்பாலும் திரையின் கீல் வழியாக நுழைந்து, திரையின் மேல்விளிம்பில் ஒளிந்திருக்கும் ஆன்டெனாக்களைச் சென்றடைகின்றன. திரையைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த ஒயர்கள் முறுக்கப்படுகின்றன. திரையை ஒரு கோணத்தில் வைத்தால் சிக்னல் நிற்கிறது, சற்றே சாய்த்தால் போகிறது என்றால், உபாதி கீலில் இருக்கிறது. பித்தான்களைக் கண்டபடி கழற்றி மாட்டவும் கூடாது; இவ்வகை இணைப்பிகளுக்கு உற்பத்தியாளர்கள் விதிக்கும் ஆயுள் ஏறத்தாழ 30 தடவைதான். பொன் பற்களில் அழுக்குப் படிந்திருந்தால் மெக்கானிக் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, மறுபடி பொருத்துகிறார். காணாமற்போன கார்டு பலவற்றை இந்த எளிய காரியமே திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது.

அவரிடம் வந்த ஒரு வழக்கை விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரின் லேப்டாப்பில் பகலெல்லாம் ஒழுங்காக இருக்கும் வைஃபை இரவில் மட்டும் அறுந்துகொண்டிருந்தது. அவர் விண்டோஸை மறுபடி போட்டுப் பார்த்தார், ரூட்டரை மாற்றினார், பலனில்லை. மெக்கானிக் எதையும் கழற்றாமல், அறும்போதெல்லாம் மணி என்ன, சார்ஜர் மாட்டியிருந்ததா, வேறென்ன செருகியிருந்தது என்று நோட்டில் எழுதி வரச் சொன்னார். எழுதியதைப் பார்த்தபோது, இரவு உபாதியன்று, இரவில் படங்களைப் பிரதியெடுக்கச் செருகும் ஹார்டு டிஸ்க்கே உபாதி என்பது தெளிவாயிற்று. யூ.எஸ்.பி. 3.0 வழியில் தரவு வினாடிக்கு 500 கோடி பிட் வேகத்தில் ஓடும்போது எழும் மின்னிரைச்சல், வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை வரை பரவுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012ஆம் ஆண்டிலேயே அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஆன்டெனாவுக்கு அருகில் அந்த இரைச்சல் எழுந்தால், சுவரைக் கடந்து இளைத்து வரும் ரூட்டரின் சமிக்ஞை அதில் மூழ்கிப்போகிறது. அதே டிஸ்க்கைப் பழைய யூ.எஸ்.பி. 2.0 துளையில் செருகியதும் வைஃபை அறவில்லை, மறுபடி 3.0 துளைக்கு மாற்றியதும் அறுந்தது. உள்ளபோது உண்டு என்னும் அன்வயம், இல்லாதபோது இல்லை என்னும் வியதிரேகம் இரண்டும் பொருந்திவிட்டன. லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது.

இந்த முறை எளிய கடைகளுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கி, 64 மீட்டர் விட்டமுள்ள அந்த மகத்தான கருவி, 1998 முதல் அவ்வப்போது சில விசித்திரமான கணநேரத் துடிப்புகளைப் பதிவு செய்து வந்தது. அவை அலுவலக நேரங்களில், அதுவும் மதிய உணவு வேளையை ஒட்டியே மிகுதியாக வந்தன. 2015ஆம் ஆண்டு எமிலி பெட்ராஃப் முதலிய ஆராய்ச்சியாளர்கள், அத்துடிப்பு வரும் கணங்களில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் இரைச்சல் எழுவதைக் கவனித்து, ஆய்வகத்து மைக்ரோவேவ் அடுப்பின் கதவை, அது ஓடி முடியுமுன் திறந்து பார்த்தார்கள், துடிப்பு வந்தது. நம் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பும் அதே பட்டையில்தான் வேலை செய்கிறது. சமையலறைச் சுவருக்கு அப்பால் லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்கத்தக்க செய்தி இது.

அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை உரிமமின்றி எவரும் பயன்படுத்த இந்திய அரசு 2005இல் இடம் கொடுத்தது. ஆகவே அது பொதுச் சொத்து. அதில் ஒன்றையொன்று மிதிக்காமல் இயங்கக்கூடிய சானல்கள் 1, 6, 11 என்ற மூன்றே. வைஃபை கருவி ஒவ்வொன்றும், வேறு எவரும் பேசவில்லையென்று செவிகொடுத்துக் கேட்ட பிறகே தான் பேச வேண்டுமென்பது அதன் விதி. பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகிலும் ஜனத்திரள் நகர்கையிலும், கார்த்திகை தீபத்தன்று லட்சக்கணக்கானோர் கூடுகையிலும், ஹாட்ஸ்பாட்டுகள் பெருகிக் கருவிகள் தம் முறைக்குக் காத்துக் கிடக்க நேரிடும். நீர் நிறைந்த மனித உடல்களும் இந்த அலைகளை விழுங்குகின்றன. பாதையோர விடுதியில் அந்த இரவில் வைஃபை திணறுவதைக் கண்டு கார்டை மாற்றக் கிளம்புவது அவசரம்.

இனி லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் உபாதிகள். சார்ஜரைக் கழற்றினால் மட்டும் அறுகிறதா? பேட்டரியை மிச்சப்படுத்தக் கணினி கார்டைத் தூங்க வைக்கிறது; சில கார்டுகள் கூப்பிட்டாலும் எழுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த அனுமதியை நீக்கிப் பார்க்கலாம். கார்டு காணாமற்போய் ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லையா? ரீஸ்டார்ட்டில் கார்டுக்குப் போகும் மின்சாரம் பெரும்பாலும் நிற்பதில்லை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பவர் பித்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்னூட்டமும் வடிந்து, கார்டு புதிதாய் விழிக்கும். சித்திரை வெயிலில் மட்டும் மறைந்து, குளிர்ந்ததும் வருகிறதென்றால் பற்றவைப்புகளில் நுண்ணிய விரிசல் இருக்கலாம். அங்கே மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. உருவத்தில் ஒன்றுபோல் இருக்கும் கார்டுகள் ஒன்றல்ல. இன்டெல்லின் ஏ.எக்ஸ். 200 பெரும்பாலான லேப்டாப்களில் ஓடும், ஏ.எக்ஸ். 201 அதற்கென்று அமைந்த இன்டெல் சிப்செட் உள்ளவற்றில் மட்டுமே உயிர் பெறும். பழைய மாடல்கள் சில, தம் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் துவங்கவே மறுக்கும். பழைய கார்டின் எண்ணைப் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.