அறிந்த சொல்லும் அறியாத சொல்லும்

சவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் இரேணுகாம்பாளைத் தரிசித்துத் திரும்புங்கால், என்பால் சிவஞான போதம் பாடங்கேட்கும் மாணவன், "ஐயா, இப்பெயர்க்குப் பொருள் யாது?" என வினவினன். "படைவீடு என்பதே இவ்வாறு திரிந்தது, சம்புவராயர் 14-ஆம் நூற்றாண்டில் இதனைத் தலைநகராகக் கொண்டனர், விசயநகரத்தார் காலத்துச் சாசனங்கள் இந்நாட்டைப் படைவீட்டு இராச்சியம் என்னும்" என்றேன். படையும் வீடும் அவன் முன்னரே அறிந்த சொற்களாகலின் பெயர் அக்கணமே உள்ளத்திற் பதிந்தது. உடனே, "முருகப்பெருமான் படைவீடு ஆறனுள் இதுவும் ஒன்றோ?" என்றான். அன்று என மறுத்தேன். கைகொடுத்த முன்னறிவே இடறியும் விட்டது.

அளவைநூலார் உவமையளவைக்குக் காட்டும் எடுத்துக்காட்டு ஈண்டு நோக்கத்தக்கது. ஆவை அறிந்தானொருவன், ஆமா என்பது ஆவைப் போல்வது எனக் கேட்டுக் காடுசென்று அவ்விலங்கைக் கண்டதும், இதுவே ஆமா எனத் தெளிகின்றான். ஆவையே கண்டறியாதானுக்கு நூறு முறை சொல்லினும் பயனின்று. சித்தியார் உவமையை வேறளவையாகக் கொள்ளாது காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குமாயினும், சொல் பொருளோடு பொருந்துமாறு இதனால் விளங்கும்.

மடங்களில் நிகண்டை முற்படப் பாடஞ்செய்வித்ததும் இதுபற்றியே. சூடாமணி நிகண்டு தேவர், மக்கள், விலங்கு, மரம் என இனம்பற்றிச் சொற்களைத் தொகுத்திருத்தலின், புதிய சொல் தன் சுற்றத்தோடு வந்து தங்கிவிடும். பதினோராந் தொகுதியோ ஒருசொற் பல்பொருள் கூறுவது. அதனை உருப்போட யான் பட்ட பாடு சிறிதன்று. பழகிய பொருளையே எங்கும் பற்றிக்கொள்ளாதபடி காப்பதும் அதுவே.

சித்தாந்தக் குறியீடுகட்கும் இஃதொக்கும். கயிற்றிற் கட்டுண்ட மாட்டைக் கண்டவனுக்குப் பசு, பாசம் என்பன எளிதின் நிற்கும். மலம் எனின் அழுக்கென்றறிந்து, மேற்படிந்து கழுவப்போவதொன்றென மயங்குவான். அம்மயக்கை நீக்கவே, செம்பு உள்ள அன்றே உடனுள்ள களிம்பை ஆசிரியர் எடுத்துக்காட்டினர்.

மறுநாள் வீடு என்னும் சொல் பாடத்தில் வந்தது. "இறைவன் வாழும் மனையோ?" என்றான், முன்னாட் கேட்ட படைவீட்டை நினைந்து. விடு என்னும் முதனிலையைக் காட்டினேன். பாசம் விடுதல் எனத் தானே சொன்னான். மகிழ்ந்தேனாயினும் அவ்வளவில் விட்டிலேன். முதனிலை உணர்த்துவது பாசநீக்கம் ஒன்றையே. சிவப்பேறு அச்சொல்லின் உறுப்பிலில்லை. அதனை நூல்கொண்டே கற்பித்தல் வேண்டிற்று.