மௌனம் பயின்ற மோட்டார்

“யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே” என்பது பழமொழி. யானைக்கு மணி கட்டியவர்கள் அழகை மட்டும் கருதிக் கட்டவில்லை. அவ்வளவு பெரிய பிராணி பஞ்சுப் பொதி போன்ற பாதங்களை வைத்து ஓசையின்றி நடந்துவிடும்; வீதியில் போகிறவர்கள் விலகிக்கொள்ள அவகாசம் வேண்டும் அல்லவா? மோட்டார் வண்டிக்கு வெகு காலம் மணி தேவைப்படவில்லை. அதன் வயிற்றுக்குள் பெட்ரோல் ஓயாமல் வெடித்துக்கொண்டிருந்தபடியால், தன் வரவை அதுவே தெருவெங்கும் பறைசாற்றி வந்தது. பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் ‘ஹைப்ரிட்’ என்னும் கலப்பு வண்டிகள் பெருகிய பிறகு நிலைமை மாறிற்று. உள்ளே அமர்ந்திருப்பவர் காதில் சப்தம் விழாமல் செய்வது எப்படி, வெளியே நடப்பவர் காதில் விழும்படி செய்வது எப்படி என்ற இரண்டு கேள்விகளுக்கும் இஞ்சினீயர்கள் ஒருங்கே விடை காண வேண்டியதாயிற்று. அவர்கள் கண்ட விடைகளைச் சற்று ஆராய்வோம்.

இரண்டு சக்தி, ஒரு வண்டி

கலப்பு வண்டி புதிய யோசனை அன்று. 1900-ம் ஆண்டு வாக்கிலேயே, வியன்னா நகரத்து லோஹ்னர் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்டினாண்ட் போர்ஷே என்னும் இளைஞர், பெட்ரோல் இஞ்சினால் மின்சாரம் உண்டாக்கி, அந்த மின்சாரத்தால் சக்கரங்களைச் சுழலச் செய்யும் வண்டி ஒன்றை அமைத்துக் காட்டினார். அந்த யோசனை பொது ஜனங்கள் வாங்கும் பண்டமாவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு பிடித்தது. 1997-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் ஜப்பான் தேசத்து டொயோட்டா கம்பெனியார் ‘பிரியஸ்’ என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர்.

பிரியஸில் பெட்ரோல் இஞ்சினையும் மின்சார மோட்டார்களையும் ஒரு பற்சக்கரத் தொகுதி இணைக்கிறது. சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதுபோல், நடுவிலுள்ள பற்சக்கரத்தைச் சிறு பற்சக்கரங்கள் சுற்றி வருகின்றன. இந்த அமைப்பின் பயனாக, இஞ்சின் சுழலும் வேகத்துக்கும் சக்கரம் ஓடும் வேகத்துக்கும் நேரான சம்பந்தம் இல்லாமல் போயிற்று. வண்டி மெதுவாக ஊரும்போதும், சந்தியில் நிற்கும்போதும் இஞ்சின் அடியோடு ஓய்ந்துவிடும். பெட்ரோலை மிச்சப்படுத்துவதுதான் இதன் நோக்கம். அமைதி அதனுடன் சேர்ந்து வந்த இனாம்.

மேளம் நின்றதும்

இனாமாக வந்த பசுவைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பார்கள். இஞ்சினீயர்கள் பார்க்க வேண்டியிருந்தது. கல்யாண வீட்டில் மேளம் முழங்கும்வரையில் வேறு எதுவும் காதில் விழுவதில்லை. மேளம் நின்றதும் பந்தலின் மூலையில் யாரோ முணுமுணுப்பதுகூடக் கேட்கிறது. இஞ்சின் ஓய்ந்த வண்டியிலும் அப்படியே நடந்தது. டயர் சாலையில் உராயும் ஓசை, கண்ணாடியோரம் காற்று சீறும் ஓசை, பாட்டரியைக் குளிர்விக்கும் விசிறியின் இரைச்சல் எல்லாம் தனித்தனியே வந்து காதைத் தட்டின.

போதாக்குறைக்குப் புதிய ஓசை ஒன்றும் பிறந்தது. பாட்டரியிலிருந்து வரும் நேர் மின்சாரத்தை மோட்டாருக்கு உகந்த மாறு மின்சாரமாக மாற்றும் கருவி, வினாடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் தடுத்தும் விடுத்தும் வேலை செய்கிறது. இதனால் கொசுவின் ரீங்காரம் போன்ற மெல்லிய கீச்சொலி எழும்பும். மனிதச் செவி மிகவும் கூர்மையாக உணர்வது வினாடிக்கு 2,000 முதல் 5,000 வரை அதிரும் ஒலிகளைத்தான். கீச்சொலி அந்த எல்லைக்குள் வந்துவிட்டால், அளவில் சிறியதானாலும் உபத்திரவத்தில் பெரியது.

உறங்கிய இஞ்சினை எழுப்புவதும் ஒரு கலை. ஒவ்வொரு சந்தியிலும் அது உலுக்கி எழுந்தால் பிரயாணிகள் பொறுப்பார்களா? சாதாரண வண்டியின் ஸ்டார்ட்டர், இஞ்சினை நிமிஷத்துக்குச் சில நூறு சுற்று வேகத்தில்தான் திருப்பும். வண்டியைக் குலுக்கும் வேகமும் அதை ஒட்டியதே. பிரியஸில் சக்தி வாய்ந்த மின்சார மோட்டார் இஞ்சினைக் கண நேரத்தில் சுமார் 1,000 சுற்று வேகத்துக்கு இழுத்துச் சென்று, அதன் பிறகே பெட்ரோலைக் கொளுத்துகிறது. குலுக்கும் கட்டத்தைத் தாண்டிய பின்னரே இஞ்சின் கண் விழிக்கிறது என்று சொல்லலாம்.

ஓசைக்கு எதிரோசை

சப்தத்தைத் தடுக்கப் பழைய வழி, தடித்த கம்பளியும் தாரும் அடைப்பதுதான். ஆனால் அடைக்க அடைக்க வண்டியின் கனம் கூடும். கனம் கூடினால் பெட்ரோல் செலவும் கூடும். சிக்கனத்துக்காகப் பிறந்த வண்டிக்கு இது தற்கொலை. ஆகவே இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒலியை விழுங்கும் மெல்லிய படலம் வைப்பது, கூரையைத் தாங்கும் கம்பங்களின் உள்ளறைகளை நுரைப் பொருளால் அடைப்பது போன்ற இலேசான உபாயங்களைக் கையாளுகிறார்கள்.

இவற்றிலும் விசித்திரமானது எதிரோசை முறை. ஓசை என்பது காற்றில் எழும் அலை. அலையின் மேடு வரும் இடத்தில் பள்ளமும், பள்ளம் வரும் இடத்தில் மேடும் அமையும்படி மற்றோர் அலையை அனுப்பினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். பால் லூவெக் என்னும் ஜெர்மானியர் இந்தத் தத்துவத்துக்கு 1936-ம் வருஷத்தில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் நுண்கருவிகள் பிறக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஹோண்டா கம்பெனியாரின் 2005-ம் வருஷத்து ‘அக்கார்ட்’ கலப்பு வண்டியில் இம்முறை கையாளப்பட்டது. அதன் இஞ்சினில் 6 சிலிண்டர்கள். சிக்கனத்துக்காக அவற்றில் 3 அவ்வப்போது வேலை நிறுத்தம் செய்யும். அப்போது எழும் தாழ்ந்த உறுமலை உள்ளிருக்கும் மைக்குகள் கேட்டு, பாட்டு ஒலிக்கும் அதே ஒலிபெருக்கிகள் மூலம் எதிரோசையை அனுப்பிவிடும். இஞ்சினைத் தாங்கும் தாங்கிகளும் அதன் அதிர்ச்சிக்கு எதிராக அசைந்து கொடுத்தன. அலை நீளமாயிருக்கும் உறுமல்களுக்கே இது நன்றாகப் பலிக்கும். கீச்சொலியின் குறுகிய அலைகளை இவ்விதம் பிடிப்பது கடினம்.

மனத்தைத் திருப்தி செய்வது இதனினும் கடினம். கலப்பு வண்டி மேட்டில் ஏறும்போது இஞ்சின் உச்ச ஸ்தாயியில் கத்தும். வண்டியோ நிதானமாகவே ஏறும். சப்தமும் வேகமும் சேர்ந்து உயர்வதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது அபசுரமாகப் படுகிறது. ஆகையால் ஹோண்டா கம்பெனியார் தங்கள் பிற்காலத்து வண்டிகளில், கியர் மாற்றுவதுபோல் இஞ்சின் வேகம் படிப்படியாக ஏறி இறங்கும்படி அமைத்தார்கள். இல்லாத கியருக்காக ஒரு நாடகம்!

நிஸ்ஸான் கம்பெனியார் இன்னும் சாமர்த்தியமான வழி கண்டனர். 2016-ம் வருஷம் ஜப்பானில் வெளிவந்த அவர்களுடைய ‘நோட்’ இ-பவர் வண்டியில், இஞ்சினுக்கு மின்சாரம் உண்டாக்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. எனவே எப்போது வேண்டுமானாலும் அதை ஓட்டிக்கொள்ளலாம். 2020-ம் வருஷத்தில் வந்த புதிய ‘நோட்’ வண்டி, சாலை கரடுமுரடாயிருப்பதைச் சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டே அறிந்துகொள்கிறது. டயர் தானாகவே இரையும் அத்தகைய சாலையில் இஞ்சினை ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக்கொள்ளும். வழவழப்பான சாலை வந்ததும் இஞ்சினை அடக்கிவிடும். இடி இடிக்கும்போது நெல் குத்தி முடித்துவிடும் கெட்டிக்கார மருமகளைப் போன்ற வண்டி!

மணி கட்டிய கதை

இவ்வளவும் உள்ளே இருப்பவர்களின் சௌகரியம். வெளியே நடப்பவர்களின் கதி என்ன?

கண் பார்வையற்றவர்களுக்கு வீதியைக் காட்டுவது செவிதான். சந்தியில் நிற்கும் வண்டியின் இஞ்சின் உறுமலே அவர்களுக்கு எச்சரிக்கை. கலப்பு வண்டியோ ஒரு கணம் உறுமும், மறு கணம் ஊமையாகும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா 2009-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் விளைவைக் காட்டிற்று: வேகம் குறைத்து நிற்பது, பின்னால் வருவது, நிறுத்துமிடத்தில் நுழைவது அல்லது வெளியேறுவது போன்ற மெதுவான சமயங்களில், கால்நடையாகச் செல்பவர்கள்மீது கலப்பு வண்டி மோதும் வாய்ப்பு, சாதாரண வண்டியைப்போல் சுமார் இரண்டு மடங்கு இருந்தது.

அமெரிக்கப் பார்வையற்றோர் சங்கத்தார் விடாமல் கிளர்ச்சி செய்தனர். ஜப்பான் சர்க்கார் 2010-ம் வருஷ ஆரம்பத்தில் இதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. அமெரிக்கச் சட்டம் 2011-ம் வருஷம் ஜனவரியில் கையெழுத்தாயிற்று. ஐரோப்பிய யூனியனில் 2019-ம் வருஷம் ஜூலை முதல் புதிய ரக வண்டிகளுக்கும், 2021-ம் வருஷம் ஜூலை முதல் விற்பனைக்கு வரும் புதிய வண்டிகள் எல்லாவற்றுக்கும் செயற்கை ஓசை கட்டாயமாயிற்று.

இந்த ஓசையின் இலக்கணம் சுவாரஸ்யமானது. ஐரோப்பாவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரையிலும், அமெரிக்காவில் 30 கிலோமீட்டர் வரையிலும் ஒலிக்க வேண்டும். அதற்கு மேல் டயரே போதிய ஓசை எழுப்பிவிடும். ஐரோப்பிய விதியின்படி வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏற வேண்டும். அப்போதுதான் வண்டி விரைகிறதா, தயங்குகிறதா என்பது கேட்பவருக்குப் புலப்படும். ஐக்கிய நாடுகளின் விதியின்படி, ஓசையின் ஒரு பகுதியாவது வினாடிக்கு 1,600 அதிர்வுகளுக்கு மேற்படாத தாழ்ந்த ஸ்தாயியில் இருக்க வேண்டும். வயோதிகர்களின் செவியில் முதலில் மங்குவது உயர்ந்த ஸ்தாயிதான். உச்ச அளவு 75 டெசிபல். நின்றுகொண்டிருக்கும் வண்டியும் ஒலிக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. ஐரோப்பிய விதி அதைக் கட்டாயப்படுத்தவில்லை. சந்தியில் நிற்கும் வண்டியைக் காதால் தேடுகிறவர்களுக்கு அமெரிக்க விதியே அனுகூலமானது என்பது நமது அபிப்பிராயம். ஐரோப்பிய விதியிலும் பாராட்டத்தக்க அம்சம் ஒன்று உண்டு. இந்த ஓசையை நிறுத்தும் விசையை ஓட்டுகிறவர் கையில் கொடுப்பதை அது பின்னர் தடை செய்துவிட்டது.

அது நியாயமே. வண்டிக்குள் நிலவும் அமைதியைப் பணம் கொடுத்து வாங்கியவர் அதைத் தாராளமாக அனுபவிக்கட்டும். வீதி அவர் ஒருவருக்குச் சொந்தமானதன்று. நடந்து போகிறவர்களுக்கும் கோல் ஊன்றி வருகிறவர்களுக்கும் அதில் சம பாத்தியதை உண்டு. யானையின் மணியை அவிழ்த்துவிடும் உரிமை யானைமேல் அமர்ந்திருப்பவருக்குக் கிடையாது.