கடனட்டையும் கெடுநாளும்

சென்ற விடுமுறையில் யாம் போடிநாயக்கனூரில் எம் தாய்மாமன் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, அவர் ஒரு கற்றைக் காகிதங்களை எம்முன் இட்டு, "பெரிய படிப்புப் படிக்கிறாயே, இதற்குத் தமிழில் பொருள் சொல், பார்ப்போம்" என்றார். அவை, கிரெடிட் கார்டு எனப்படும் கடனட்டையின் பொருட்டு ஒரு வங்கி அவருக்கு மாதந்தோறும் விடுத்த பில்கள். பலவற்றில் 'தாமதக் கட்டணம்' என்று ஒரு தொகையும், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரியும், அவற்றையடுத்து வட்டியும் காணப்பட்டன. மாமா கடனை ஏமாற்றுபவர் அல்லர். பணம் கைக்கு வந்த அன்றே செலுத்திவிடுவார். ஆயினும், ஓராண்டில் அவர் இவ்வகையில் இழந்ததைக் கூட்டிப் பார்த்தோம். அவர் மகளுக்கு ஒரு பருவத்திற்குக் கட்டவேண்டிய கல்லூரிச் சம்பளம் அளவிற்கு அது வந்து நின்றது. மாமா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்விழப்பிற்குக் காரணம் யாது? மாமாவுக்கு மலைமேல் சிறிய ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. உரம், மருந்து, ஜீப்புக்கு டீசல் யாவும் அவர் கடனட்டையால் வாங்குகின்றார். ஏலக்காயோ, பறிப்புக் காலத்தில் ஏறத்தாழ 40 நாட்களுக்கு ஒருமுறை பறிக்கப்படுவது. பறித்து, உலர்த்தி, ஏலத்திற்கு அனுப்பி, விலை படிந்து, சில நாட்கள் கழிந்த பின்னரே பணம் வரும். கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாற்று நீர் பாயும் இருபோக வயலுடையார்க்கு நெல் விற்ற பணம் ஆண்டில் இருமுறையே வருகின்றது. திராட்சைத் தோட்டத்தாருக்குக் கணக்கு வேறு. அட்டையின் கெடுநாளோ, செடியையும் அறியாது, மழையையும் அறியாது. மாதந்தோறும் ஒரே தேதியில் வந்து நிற்கின்றது. முன்னாளில் உரக்கடைக்காரர் பற்றுவரவுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, "காய் போட்டதும் கொடுங்கள்" என்று காத்திருந்தார். அவ்வழக்கத்திலே வளர்ந்தவர் எம் மாமா. இயந்திரமும் அவ்வாறே காத்திருக்கும் என்று எண்ணிவிட்டார்.

இனி விதிகளைக் காண்போம். இந்திய ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21ஆம் நாள் கடனட்டைகளைப் பற்றி விரிவான நெறிமுறைகளை வெளியிட்டது. அவற்றின்படி, பில் பெற்றவர்க்குப் பணம் செலுத்த 14 நாட்களேனும் இடமளித்தல் வேண்டும். கெடுநாள் கழிந்து 3 நாட்களுக்கு மேற்பட்டாலன்றித் தாமதக் கட்டணம் விதித்தல் கூடாது. ஆனால் 3 நாட்களைத் தாண்டிவிட்டால், தாமதத்தைக் கெடுநாளிலிருந்தே எண்ணுவர். 10ஆம் தேதி கெடுவாயின், 13ஆம் தேதி செலுத்தியவர் கட்டணத்தினின்று தப்பினார். 14ஆம் தேதி செலுத்தியவர் 4 நாள் தாமதித்தவரே ஆவார். கட்டணமும் முழுப் பில்லின்மேல் அன்று, கெடுநாளுக்குப்பின் எஞ்சி நின்ற தொகையின்மேலேயே கணிக்கற்பாலது. 20,000 ரூபாய்ப் பில்லில் 18,000 செலுத்தியவரிடம் 2,000க்கு உரிய கட்டணமே கேட்கலாம். ஆதலால், முழுத்தொகை கையில் இல்லையே என்று ஒன்றும் செலுத்தாதிருத்தல் பேதைமை. எம் மாமா செய்தது அதுவே.

இவ்விடத்தில் ஒரு மயக்கம் நேர்வதுண்டு. பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கெடுவிற்குள் செலுத்தினால் தாமதக் கட்டணம் இல்லை என்பது மெய்யே. ஆனால் வட்டி உண்டு. அதுவே பெரிய இழப்பு. முன்மாதப் பில்லில் சிறிது பாக்கி நின்றாலும், வட்டியில்லாக் காலம் என்னும் சலுகை அற்றுப்போகின்றது. பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி எண்ணுதல் வங்கிகளின் வழக்கம்; புதிதாக வாங்கும் பொருளுக்கும் அன்றே வட்டி தொடங்கிவிடும். மாதத்திற்கு 3.5 விழுக்காடு என வைத்துக்கொண்டால், ஆண்டிற்கு 42 விழுக்காடாகும். கந்துவட்டிக்காரரைத் தெருவில் ஏசும் நாம், இதனை அச்சிட்ட தாளில் கண்டு வாளாவிருக்கின்றோம்! வட்டி 30 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அதனை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20ஆம் நாள் தள்ளிவிட்டது. மேலே கூறிய 3 நாள் விலக்கும் தாமதக் கட்டணத்திற்கு உரியது. வட்டிக்கு அதனை நம்பியிருத்தல் ஆகாது.

ஆயின் செய்யத்தக்கது யாது? முதலாவது, கெடுநாளை மாற்றிக்கொள்ளுதல். பில் எழுதப்படும் நாளைக் குறைந்தது ஒருமுறையேனும் மாற்றிக்கொள்ள அட்டைக்காரருக்கு இடமளித்தல் வேண்டும் என்பது 2024 மார்ச்சில் திருத்தப்பெற்ற விதி. மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர்க்கு இஃதொன்றே போதும். ஏலத்தோட்டத்தார்க்குப் போதாது; 40 நாள் பறிப்பும் 30 நாள் பில்லும் எந்நாளும் ஒத்து நடவா. அவர் ஒவ்வோர் ஏலப்பணத்திலிருந்தும் அடுத்த பில்லுக்கு உரியதை முன்னரே எடுத்து வேறு கணக்கில் இடல் வேண்டும். அத்தொகைக்கு மேல் அட்டையைத் தொடுதலும் ஆகாது.

வங்கிக் கணக்கிலிருந்து தானே பணம் செல்லுமாறு ஆணையிட்டு வைத்தலும் நன்று. ஆணையிடுங்கால் 'முழுத்தொகை' என்பதைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும். 'குறைந்தபட்சம்' என்றிருப்பின் மேற்கூறிய வட்டி ஓசையின்றி ஏறிக்கொண்டே இருக்கும். கணக்கில் பணமில்லாவிடில் ஆணை திரும்பிவிடும். அதற்கும் தனியே தண்டம் விதிப்பர். காசோலை எழுதுவோர் பல நாள் முன்னதாக எழுதுக. நெப்ட் முறையில் 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறன்றும் நள்ளிரவிலும் பணம் அனுப்பலாம். ஆயினும் மலைத்தோட்டங்களில் பல இடங்களில் கைப்பேசிக்கு டவர் கிட்டாது, கடவுஎண் வாராது. செலுத்த வேண்டியதைப் போடியிலேயே செலுத்திவிட்டு மலையேறுதல் அறிவுடைமை.

நம் மாணாக்கருள் சிலர், அட்டையை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டோம், நமக்கென்ன என்று இருக்கின்றனர். ஆண்டுக்கட்டணம் பில்லில் ஏறி, அது செலுத்தப்படாமையால் தாமதக் கட்டணமும் ஏறுதல் உண்டு. வேண்டாத அட்டையை மூடிவிடுமாறு எழுதிக் கேட்டல் நன்று. பாக்கி ஏதும் இல்லையாயின் 7 வேலை நாட்களுள் மூடுதல் வேண்டும். தவறினால் வங்கியே நாளொன்றுக்கு 500 ரூபாய் தருதல் வேண்டும்.

தவறாக விதிக்கப்பட்டதென்று கருதுவோர் முதற்கண் வங்கிக்கே எழுதுக. 30 நாட்களுள் விடை வாராவிடின், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். மாமாவின் பில்களில் அவ்வாறு கேட்கத்தக்கது ஒன்றே இருந்தது. 2ஆம் நாளே செலுத்தியதற்கு விதித்த கட்டணம் அது. எழுதிக் கேட்டதும் திரும்பக் கிடைத்தது. மற்றவை யாவும் விதிப்படியே விதிக்கப்பட்டவை.

மாமா தம் கெடுநாளை மாற்றிக்கொண்டார். நாட்காட்டியில் ஏலநாளைச் சிவப்பு மையாலும் கெடுநாளைக் கறுப்பு மையாலும் குறிக்கின்றார். பின்வந்த ஐந்து பில்களில் தாமதக் கட்டணம் இல்லை. ஆறாவதில் உண்டு. அப்பொழுது பெருமழையால் மலையை விட்டு இறங்க இயலாது, 4ஆம் நாளே செலுத்தினாராம்.