மணற்கரையில் கள்ளி ஏன் அழுகுகிறது?

புத்தளம் கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை வாசலிலேயே மணல்தான். கள்ளிக்கு மணல் போதும்தானே என்று அதையே பூச்சாடியில் நிரப்பி, ஐப்பசி மழையில் செடியை அழுகவிட்டவர்கள் பலர். நானும் அப்படி ஆறு சாடிகளை இழந்தேன்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வந்து தங்கிய ஊர்கள் இந்தக் கரையில் நிறைய உண்டு. சிறு துண்டுக் காணி, உவர்க் கிணறு, திரும்பிப் போவோமா இல்லையா என்ற தீராத கேள்வி. மரம் நடத் தயங்குகிற வீட்டிலும் சாடி இருக்கும். போகும்போது சாடியைத் தூக்கிக்கொண்டு போகலாம். கள்ளிச்சாடி விற்று நாலு காசு பார்க்க நினைப்பவருக்குப் பொதியில் வரும் கலவை கட்டுபடியாகாது. ஒரு செடி அழுகினால் பல செடிகளின் இலாபம் அதோடு போய்விடும்.

வேலியோரம் நாகதாளி இதே மணலில்தானே செழிக்கிறது என்று கேட்கலாம். நிலத்தில் மண் ஆழமானது. மழைநீரை அடிமண் கீழே இழுத்துவிடும். சாடியிலோ ஒரு சாண் ஆழம்தான். பொடிமணலின் துகள்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகள் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே துளை இருந்தாலும் சாடியின் அடிப்பகுதி நாட்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். அடியில் கல் போட்டால் நீர் வடியும் என்பதும் தவறு. பொடிமண்ணிலிருந்து கல்லடுக்குக்கு நீர் எளிதில் இறங்காது. ஈரப்பகுதி கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். கலவை முழுவதுமே பருமனாக இருந்தால்தான் தப்பலாம்.

எனக்குச் சரிவந்த அளவு இது: கழுவிய பருமணல் மூன்று சிரட்டை, நொறுக்கிய ஓடு அல்லது செங்கல் இரண்டு, உமிக்கரி ஒன்று, தும்புத்தூள் ஒன்று, நன்றாக உக்கிய கூட்டெரு ஒன்று. மழைக்காலத்தில் கூரையில்லாத இடத்தில் வைப்பதானால் தும்புத்தூளை விட்டுவிடுங்கள். பச்சை மாட்டெரு வேண்டவே வேண்டாம்.

மணல் ஆற்று மணலாக இருக்கட்டும். கடற்கரையில் மணல் அள்ளுவது சட்டப்படி குற்றம். அது ஒருபுறமிருக்க, அதில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. சந்தேகமான மணலில் கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. சற்றே அமிலத்தன்மையை விரும்பும் கள்ளிக்கு அது ஆகாது. கட்டட வேலைக்கு இறக்கிய ஆற்று மணலில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கி, நுளம்பு வலையில் அரித்து, வலையில் தங்குவதை மட்டும் எடுங்கள்.

உடைந்த ஓடு இந்த மாவட்டத்தில் எளிதாகக் கிடைக்கும். தெற்கே வைக்கால் பக்கம் ஓட்டுத் தொழிலுக்குப் பெயர்போனது. பயறு முதல் கடலை வரையான அளவில் நொறுக்கித் தூளைச் சலித்து அகற்ற வேண்டும். தூள் கலந்தால் பட்ட பாடெல்லாம் வீண்.

தும்புத்தூளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். களப்பு நீரில் ஊறப்போட்ட மட்டையிலிருந்து வந்த தூளில் உப்பு ஏறியிருக்கும். தண்ணீரின் நிறம் தெளிந்துவிட்டதென்று நம்பக்கூடாது. மூன்று நான்கு முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து, கடைசி நீரை நாக்கில் வைத்துப் பாருங்கள்.

நுரைச்சோலையில் அனல்மின் நிலையம் இருப்பதால் ஒரு வார்த்தை: நிலக்கரிச் சாம்பல் உமிக்கரிக்கு மாற்று அல்ல. அதில் பாரவுலோகங்கள் இருக்கும். பிள்ளைகள் தொடும் சாடிக்குள் அதைப் போடாதீர்கள்.

கலந்ததை நனைத்து ஒரு பிடி இறுக்குங்கள். கை விரித்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் இன்னும் ஓட்டுத்துண்டு சேருங்கள். செடியை நட்டதும் நீர் விடவேண்டாம். காயப்பட்ட வேர் ஆற ஒரு வாரம் விட்டு, பிறகு முடிந்தால் மழைநீர் ஊற்றுங்கள். கிணற்று நீர்தான் உண்டென்றால் சாடி விளிம்பில் வெள்ளை படிகிறதா என்று கவனியுங்கள். படிந்தால் அடுத்த மழையில் ஒருநாள் சாடியை வெளியே வைத்து நன்றாகக் கழுவுப்பட விட்டு, பிறகு தாழ்வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள்.