பகலில் விளக்கு எதற்கு?

அரிசியில் கல் பொறுக்க வேண்டும். முறத்தை எடுத்துக்கொண்டு எங்கே போய் உட்காருவீர்கள்? இருட்டு அடுப்படியில் உட்கார மாட்டீர்கள். நடு வெயிலிலும் உட்கார மாட்டீர்கள். வெயிலில் கண் கூசும். கல்லும் அரிசியும் ஒன்றுபோலத் தெரியும். அதனால் திண்ணைக்கு வருவீர்கள். அங்கே வெளிச்சம் இருக்கும், வெயில் இருக்காது.

பெரிய படிப்புக்குக் கட்டடம் கட்டுகிறவர்களும் இதைத்தான் யோசிக்கிறார்கள். படிக்கும் அறைக்கு வெளிச்சம் வேண்டும். வெயில் வேண்டாம்.

மகாராஷ்டிரத்தில் புனே நகரம் இருக்கிறது. பூனா என்று முன்பு சொல்வார்கள். அங்கே 1949-இல் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கியது. அதற்கு 2014-இல் சாவித்திரிபாய் புலேயின் பெயரை வைத்தார்கள். பெண்கள் படிக்கவே கூடாது என்றிருந்த காலத்தில், அதே ஊரில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அவர்.

அந்தப் பல்கலைக்கழக வளாகத்தில் வானத்தை ஆராயும் மையம் ஒன்று 1988-இல் ஏற்பட்டது. நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொது. அறிஞர் ஜெயந்த் நார்லிகர் அதன் முதல் இயக்குநர். கட்டடத்துக்குத் திட்டம் போட்டவர் சார்லஸ் கொரியா.

சுவர்கள் கறுப்புக் கல்லால் ஆனவை. இரவு வானத்தின் கறுப்பை அது நினைவூட்டுகிறது. கறுப்புச் சுவர் என்றால் உள்ளே ஒரே இருட்டாக இருக்குமோ? அப்படி இல்லை. நடுவில் பெரிய முற்றம் இருக்கிறது. மேலே கூரை கிடையாது, வானம்தான். ஆரியபட்டர், கலிலியோ, நியூட்டன், ஐன்ஸ்டீன் ஆகிய நால்வரின் சிலைகள் அங்கே உள்ளன. முற்றத்தைச் சுற்றிக் கட்டடங்கள் நிற்கின்றன. செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல.

முற்றத்துக்கு இடம் இல்லாவிட்டால் ஜன்னல்தான் வழி. எந்தப் பக்கம் ஜன்னல் வைப்பது? சூரியன் போகும் பாதையைப் பார்க்க வேண்டும். புனேயில் மே மாத நடுவில் ஒரு நாள், உச்சிப் பொழுதில் சூரியன் நேராகத் தலைக்கு மேல் வரும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. டிசம்பரில் உச்சிப் பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்து நிற்கும். அதனால் தெற்கு ஜன்னலில் வெயில் நுழையும். கிழக்கிலும் மேற்கிலும் தொல்லை அதிகம். காலை வெயிலும் மாலை வெயிலும் சாய்வாக வரும். ஜன்னலுக்கு மேலே சன்ஷேடு போட்டாலும் அது அடியில் புகுந்துவிடும். வடக்கு ஜன்னலில்தான் ஆண்டின் பெரும்பகுதி வெயில் விழாது. வெளிச்சம் மட்டும் வரும். படிக்கவும் எழுதவும் தைக்கவும் அதுவே நல்லது.

ஆனால் எல்லா அறைக்கும் வடக்கு கிடைக்குமா? அங்கேதான் பூப்போட்ட கண்ணாடி உதவுகிறது. குளியலறை ஜன்னலில் அதைப் பார்த்திருப்பீர்கள். குண்டூசித் தலை போலப் புள்ளி புள்ளியாக இருக்கும் ஒரு வகையைக் கடைகளில் 'பின்ஹெட்' என்பார்கள். உருகிய கண்ணாடியை இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டுத் தகடாக்குவார்கள். ஓர் உருளையில் பூ வேலை செதுக்கியிருக்கும். கண்ணாடி இளகி இருக்கும்போதே அந்தப் பூ அதில் பதிந்துவிடும். முறுக்கு அச்சில் மாவு வடிவம் பெறுகிற மாதிரிதான்.

வழவழப்பான கண்ணாடியில் வெயில் நேராக ஊடுருவும். தரையில் ஒரு கட்டமாக விழும். அந்த இடம் கண்ணைக் கூசும், அறையின் மூலை இருட்டாகவே இருக்கும். கரும்பலகைமேல் விழுந்தால் பலகை பளபளக்கும், எழுத்து தெரியாது. பூப்போட்ட கண்ணாடியில் மேடும் பள்ளமும் இருப்பதால் ஒளி நாலா பக்கமும் சிதறும். அறை முழுக்கப் பரவும். வெளியே நடமாடுகிறவர்களும் தெளிவாகத் தெரிய மாட்டார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தக் கண்ணாடி ஒளியைச் சிதறடிக்கும், சூட்டை அவ்வளவாகத் தடுக்காது. உள்ளே வந்த சூடு எளிதில் வெளியேறவும் செய்யாது. நிழலும் காற்று போக வழியும் தனியாக வேண்டும். இப்போது நகரங்களில் சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துக் கட்டுகிறார்கள். பார்க்க அழகுதான். உள்ளே இருப்பவர்களோ சூடு தாங்காமல் திரையை இழுத்து மூடிவிட்டு, பகலிலேயே விளக்குப் போட்டுக்கொள்கிறார்கள். கரண்டு பில்லை யார் கட்டுவது?

கண்ணாடி இல்லாமலும் வெளிச்சம் கொண்டுவரலாம். அகமதாபாத்தில் சபர்மதி ஆசிரமத்தில் காந்தி நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. 1963-இல் திறந்தார்கள். அதைத் திட்டமிட்டவரும் கொரியாதான். ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம். ஜன்னல்களில் கண்ணாடியே கிடையாது. திருப்பி மூடும் மரச் சட்டங்கள்தான். அவற்றைத் திறந்தால் வெளிச்சமும் காற்றும் சேர்ந்து வரும்.

நம் ஊர் ஓட்டு வீடுகளில் நடுவே ஒரே ஒரு கண்ணாடி ஓடு வைப்பார்கள். இருட்டு அடுப்படிக்குப் பகல் முழுதும் அது போதும். புகை படிந்தால் மங்கிவிடும். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அதையும் துடைத்துவிட்டால் பழையபடி வெளிச்சம் வரும்.